10 சொற்களுக்கு 3 நினைவுகள்: என் ஞாபகம் பழுதாகிவிட்டதா?

வாசகர் கடிதம்: எனக்கு வயது 46. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, உளவியலாளரிடம் சில சோதனைகளுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றில் 10 சொற்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றும் நினைவூட்டும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார்கள். 'மகிழ்ச்சி' என்றதும் 'பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலம்' என்றேன். 'பாதுகாப்பு' என்றதற்கு 'அப்பா கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வரும் மாலை நேரங்கள்' என்றேன். 'வெற்றி'க்கு 'பி.எட். படித்த வருடம்'. 'தனிமை'க்கு 'இப்போதெல்லாம் எப்போதுமே'. 'ஏதாவது ஒரு நாளில் நடந்ததைச் சொல்லுங்கள்' என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அறிக்கையில் 'குறிப்பான நினைவுகள் 10க்கு 3. தன்வரலாற்று நினைவின் குறிப்புத்தன்மை குறைவு' என்று இருக்கிறது. என் அம்மாவுக்கு 68 வயதில் மறதி நோய் வந்தது. எனக்கும் தொடங்கிவிட்டதா? இதற்கிடையில் சொத்துப் பிரிவினைப் பேச்சில், அப்பா என்னிடம் சொன்ன ஒரு விஷயத்தை நான் எடுத்துச் சொன்னபோது, அறிக்கையைப் பார்த்துவிட்ட அண்ணன், 'உனக்கு ஞாபகம் சரியில்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே' என்று வாயை அடைத்துவிட்டார். என் மகளோ ஐந்து வயதுப் பிறந்தநாளுக்குப் போட்ட பாவாடையின் கரை நிறத்தைக்கூடச் சொல்கிறாள். என்னிடம்தான் கோளாறா? இந்த மதிப்பெண்ணை உயர்த்த வழி உண்டா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு மறதி நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. மறதி நோய் உள்ளவர்கள் இதில் குறைவாக எடுப்பது உண்மை. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களும், பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களும், வயதானவர்களும் குறைவாகத்தான் எடுப்பார்கள். மறதி நோயைத் தேடும் சோதனைகளின் போக்கே வேறு. புதிதாக ஒரு சொற்பட்டியலையோ சிறு கதையையோ சொல்லிவிட்டு, அரை மணி நேரம் போல வேறு வேலை கொடுத்து, பிறகு அதைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். புதியது உள்ளே பதிகிறதா, பதிந்தது தங்குகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. உங்களிடம் கேட்டது அதுவே இல்லை. அம்மாவுக்கு வந்ததுபோல 65 வயதுக்கு மேல் தொடங்கும் மறதி நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும். ஆனால் நேராகக் கைமாறி வரும் சொத்துப்போல் அது வருவதில்லை.

இனி, உங்களிடம் என்னதான் அளந்தார்கள் என்பதைப் பார்ப்போம். அறிக்கையில் எண்ணை மட்டும் எழுதி விளக்கத்தை விழுங்கிவிடுவது உளவியலாளர்களான எங்கள் தொழிலில் புரையோடிப்போன பழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சொல்லைக் கொடுத்து நினைவைக் கிளறும் உத்தி பழையது. 1879ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 75 சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் மனத்தில் எதை எழுப்புகிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தார். ஆனால் உங்களுக்குச் செய்யப்பட்ட சோதனை 1986இல் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் அவர்கள் பேசினார்கள். மனம் சோர்ந்தவர்களுக்கு நல்ல நினைவுகள் மெதுவாகவும் கசப்பான நினைவுகள் விரைவாகவும் வருகின்றனவா என்று கடிகாரம் வைத்து அளப்பதே திட்டம். சொற்களில் பாதி இனியவை, பாதி கசப்பானவை. வேகத்தை அளக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த நோயாளிகள் நிகழ்ச்சியைச் சொல்லாமல் நிகழ்ச்சிகளின் தொகுப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'மகிழ்ச்சி' என்றால் 'என் நாயோடு நடக்கப் போகும்போதெல்லாம்' என்கிற மாதிரி. ஒரு நாள், ஓரிடம் என்று இறங்கி வரவில்லை. தேடிப் போன விஷயத்தைவிட இந்த எதிர்பாராத கண்டுபிடிப்புதான் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு வழி திறந்தது.

மதிப்பெண் போடும் விதி எளிமையானது. பதிலில் வரும் நிகழ்ச்சி ஒரு நாளுக்குள் முடிந்ததாக, ஒரு குறிப்பிட்ட சமயத்தில் நடந்ததாக இருந்தால் அது குறிப்பான நினைவு. ஒரு நாளுக்கு மேல் நீண்டால் நீடித்த நினைவு. அடிக்கடி நடந்தவற்றின் திரட்டாக இருந்தால் வகை நினைவு. நினைவே இல்லாத வெறும் கருத்தாகவோ தகவலாகவோ இருந்தால் வேறு பெட்டி. ஒன்றும் சொல்லாவிட்டால் விடுபட்டது. இப்போது உங்கள் பதில்களை நீங்களே திருத்திப் பாருங்கள். விடைத்தாள் திருத்துவது உங்களுக்குப் புதிதல்ல. 'பி.எட். படித்த வருடம்' நீடித்த நினைவு. 'அப்பா கடையை மூடிவிட்டு வரும் மாலை நேரங்கள்' அசலான வகை நினைவு. 'பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலம்' நீடித்தது. 'இப்போதெல்லாம் எப்போதுமே' என்பது நினைவாகவே எண்ணப்படாது. அது உங்கள் இன்றைய நிலையைப் பற்றிய கூற்று. பி.எட். தேர்வு முடிவு வந்த அன்று யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று நீங்கள் தொடங்கியிருந்தால், அதே வெற்றிக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

தமிழில் பதில்களைத் திருத்தும்போது வினைமுற்றே பாதி வேலையைச் செய்துவிடும். 'போவோம், வருவார், சொல்வார்' என்று போனால் வகை நினைவு என்று சந்தேகிக்கலாம். 'போனோம், வந்தார், சொன்னார்' என்று வந்தால் ஒரு நாள் பிடிபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். ஆனால் சிக்கலான பதில்களும் உண்டு. 'என் கல்யாணம்' என்று ஒருவர் சொன்னால் நான் என்ன போடுவது? முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், அதற்கடுத்து மறுவீடு என்று நீளும் விவகாரம் அது. 'தாலி கட்டிய அந்த நேரம்' என்றால் குழப்பமில்லை. இப்படிப்பட்ட இடங்களில் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்து, இரண்டு பேர் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆய்வுகளில் உள்ள நடைமுறை. ஒரு மருத்துவமனை அறையில் ஒருவர் மட்டும் திருத்தும்போது அந்தக் காவல் இருப்பதில்லை.

இன்னும் இரண்டு விதிகள் உங்கள் மதிப்பெண்ணைத் தொடுகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் நேர வரம்பு உண்டு: வழக்கமாக 30 நொடி, சில ஆய்வுகளில் ஒரு நிமிடம். அடுத்து, பொதுவாக முதல் பதிலைத்தான் எண்ணுவார்கள். 'ஏதாவது ஒரு நாள்' என்று தூண்டிய பிறகு நீங்கள் அருமையான ஒரு சம்பவத்தைச் சொல்லியிருந்தாலும் அது 3இல் சேர்ந்திருக்காது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, கேட்டபின் எத்தனைக்குச் சொன்னீர்கள் என்பது அறிக்கையில் இருக்கிறதா? என்னைக் கேட்டால் அந்த எண்தான் கூடுதல் பயனுள்ளது. தூண்டினால் கிடைக்கிறது என்றால் நினைவு உள்ளே இருக்கிறது. தானாகத் தேடி எடுப்பதில்தான் தடை.

அந்தத் தடை எப்படி வருகிறது? நம் வாழ்க்கை நினைவுகளை நாம் மேலிருந்து கீழாகத் தேடுகிறோம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 'பாதுகாப்பு' என்றதும் முதலில் அப்பா வருகிறார். பிறகு அவர் கடை, பிறகு அந்த மாலைகள், அதற்கும் கீழே, மழையில் நனைந்துகொண்டு வந்த ஒரு மாலை. முகவரியில் ஊர், தெரு வரை தெரிந்து கதவு எண் தெரியாமல் நிற்பதுபோல நீங்கள் மூன்றாம் படியில் நின்றிருக்கிறீர்கள். ஏன் நிற்கிறோம் என்பதற்கு வில்லியம்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 2007இல் மூன்று காரணங்களைச் சேர்த்து ஒரு விளக்கம் தந்தார்கள்.

முதலாவது, கொடுத்த சொல் நம்மைப் பற்றிய எண்ணச் சுழலில் மாட்டிக்கொள்வது. 'தனிமை' என்றதும் ஒரு நாளைத் தேடப் போகாமல், 'நான் எப்போதுமே தனிதான்' என்ற பழகிய வாக்கியம் வந்து வழியை மறித்துவிடுகிறது. உங்கள் பதிலே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இரண்டாவது, தவிர்ப்பு. விவரங்களுக்குள் இறங்கினால் வலிக்கும் என்று மனம் பொதுவான இடத்திலேயே நின்றுகொள்வது. வலிக்கும் நினைவுக்காகப் பழகிய இந்த உத்தி நாளடைவில் இனிய நினைவுகளுக்கும் பரவிவிடுகிறது. மூன்றாவது, மிகச் சாதாரணமானது: தேடுவதற்கான தெம்பு இல்லாமை. 'ஒரு நாளுக்குள் நடந்தது, 30 நொடிக்குள்' என்ற விதியை மனத்தில் பிடித்துக்கொண்டு, வருகிற பொதுவான பதிலைத் தள்ளிவிட்டு, மேலும் இறங்க வேண்டும். மாதக்கணக்கில் தூங்காதவருக்கு இது லேசான வேலை இல்லை.

மூன்றாவது காரணத்துக்கு அழகான ஒரு சான்று உண்டு. 2007இல் டிம் டால்கிளீஷ் குழுவினர் சோதனையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். குறிப்பான நிகழ்ச்சி வேண்டாம், பொதுவான நினைவுகளைத்தான் சொல்ல வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். சோர்ந்த மனம் எப்போதும் பொதுவானதையே விரும்புகிறது என்றால், இவர்கள் இதில் முதலிடம் பிடித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. மனச்சோர்வு கூடக்கூடப் பொதுவான நினைவுகளைச் சொல்வதில்தான் தடுமாறினார்கள். அதாவது விதியைப் பிடித்துக்கொண்டு தேடுவதே கடினமாக இருந்திருக்கிறது. எனவே உங்கள் 3 என்ற எண்ணில் கணிசமான பங்கு உங்கள் தூக்கமின்மைக்குச் சொந்தம் என்று நான் நினைக்கிறேன். தூக்கத்துக்காக லோராசெபாம், குளோனசெபாம் போன்ற மாத்திரை எடுக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. எடுத்தால், அவையும் கவனத்தை மந்தப்படுத்தும், புதியதைப் பதிவதையும் கெடுக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

சரி, இந்த எண்ணுக்கு என்ன எடை கொடுப்பது?

மக்கள் கூட்டங்களை ஒப்பிடும்போது இது நல்ல கருவி. மனச்சோர்வு உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை மறுபக்கமும் வைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் பயிற்சிக் காலத்திலேயே தீயணைப்பு வீரர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து, அவர்கள் பணியில் கொடுமையான காட்சிகளைப் பார்த்த பிறகு மறுபடி சந்தித்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது. தொடக்கத்தில் குறிப்பான நினைவு குறைவாக இருந்தவர்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் அதிகமாக இருந்தது. எனவே இது வெறும் விளையாட்டுச் சோதனை இல்லை. ஆனால் ஒரு தனி மனிதரை எடைபோட்டு, 'நீ இவ்வளவு' என்று சொல்லும் துல்லியம் இதற்குக் கிடையாது. சொற்கள் மொத்தம் 10. இன்னும் இரண்டு சொற்களுக்கு நீங்கள் ஒரு நாளைச் சொல்லியிருந்தால் 3 என்பது 5 ஆகியிருக்கும். ரத்தச் சர்க்கரைக்கு இருப்பதுபோல இதற்கு மேல் நோய், இதற்குக் கீழ் நலம் என்று ஏற்கப்பட்ட எல்லைக்கோடு எதுவும் இதற்கு இல்லை.

அடுத்தது, 'குறிப்பான நினைவு' என்ற ஒரே பெயரில் பல அளவுகோல்கள் உலவுகின்றன. அவை ஒரே பொருளை அளப்பதில்லை. உங்களுக்குச் செய்ததில் 'மகள் பட்டம் வாங்கிய அன்று' என்ற நான்கு சொற்களுக்கு முழு மதிப்பெண் உண்டு; அதற்கு மேல் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. டொரண்டோவில் பிரையன் லெவின் குழு 2002இல் கொண்டுவந்த நேர்காணல் முறையில் கதை வேறு. ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் சொல்லவிட்டு, பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது அந்த நிகழ்ச்சிக்குள் நடந்தது, எது பொதுத் தகவல் என்று எண்ணுவார்கள். யார் இருந்தார்கள், என்ன வாசம் வந்தது, அப்போது என்ன தோன்றியது என்பவை ஒரு கணக்கு. 'அந்தக் கல்லூரி அப்போதெல்லாம் ஊருக்கு வெளியே இருந்தது' என்பது வேறு கணக்கு. முதல் சோதனையில் 10க்கு 10 எடுத்தவர் இதில் வெறும் எலும்புக்கூட்டைத் தரலாம். நேர்மாறாக, நினைவுகள் செழிப்பாக உள்ள ஒருவர் 30 நொடிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திணறலாம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். 'குறிப்பான நிகழ்ச்சியைச் சொல்' என்று வற்புறுத்தினால் நலமாக இருப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள், வித்தியாசமே தெரிவதில்லை. அதனால் அந்த வற்புறுத்தலைக் குறைத்த வடிவத்தையும், 'சென்ற ஆண்டு நான்...' என்பதுபோல் அரைகுறை வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்லும் வடிவத்தையும் உருவாக்கினார்கள். ஒருவரால் முடியுமா என்பது ஒன்று, கேட்காவிட்டால் எப்படிப் பேசுவார் என்பது இன்னொன்று. எந்த வடிவத்தில், எந்தச் சொற்பட்டியலில், எவ்வளவு நேரம் கொடுத்து அளந்தார்கள் என்று தெரியாத '10க்கு 3' அரை வாக்கியம்தான்.

வளர்ந்த சூழலுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ச்சி வாங் என்பவர் சீனரையும் அமெரிக்கரையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு வருகிறார். அமெரிக்கர்கள் 'எனக்கு மட்டும் ஒருமுறை நடந்தது' என்ற வகைச் சம்பவங்களை அதிகம் சொல்கிறார்கள். சீனர்களின் நினைவுகளில் கூடிவாழ்தலும் வழக்கமாக நடப்பவையும் அதிகம் இடம்பெறுகின்றன. யாருடைய மூளையும் பழுதில்லை. சிறு வயதில் வீட்டில் பழையதைப் பேசிய விதம் வேறு. உங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேசினால் 'அவர் இப்படித்தான் செய்வார்' என்றுதான் பேசுவீர்கள் என்று ஊகிக்கிறேன். இறந்தவர்களைப் பற்றி நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தானே பேசுகிறோம்.

இனி அண்ணன் விஷயம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது.

குறிப்பாகச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் வெவ்வேறு. இந்தச் சோதனையில் நீங்கள் சொன்ன நிகழ்ச்சி உண்மையில் நடந்ததா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. ஒருவர் நாள், நேரம், சட்டை நிறத்தோடு முழுப் பொய்யைச் சொன்னாலும் விதிப்படி அது குறிப்பான நினைவுதான். விவரம் நிறைந்த நினைவு தவறாகவும் இருக்கலாம். 'அப்பா அடிக்கடி அப்படிச் சொல்வார்' என்ற பொதுவான நினைவு முழுக்கச் சரியாகவும் இருக்கலாம். இதை நிரூபிக்க மிகச் சிறந்த சாட்சிகள், தம் வாழ்வின் ஏறக்குறைய ஒவ்வொரு நாளையும் நினைவில் வைத்திருக்கும் அபூர்வ மனிதர்கள். 2006இல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தார் முதன்முதலில் அப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். பிறகு இன்னும் பலர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2013இல் அவர்களைப் பொய் நினைவைத் தூண்டும் சோதனைகளுக்கு உட்படுத்தியபோது, மற்றவர்களைப் போலவே அவர்களும் ஏமாந்தார்கள். அந்த முதல் பெண்மணியே தன் ஓயாத நினைவை ஒரு சுமை என்றுதான் சொன்னார்.

ஆகவே 'ஞாபகம் சரியில்லை என்று டாக்டரே எழுதியிருக்கிறார்' என்பது பொய். டாக்டர் அப்படி எழுதவில்லை. அப்பா உங்களிடம் சொன்னது சட்டப்படி எவ்வளவு செல்லும் என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இந்த அறிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று கண்டறியப்பட்டாலும்கூட, தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்காதவரை அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பதோ மருந்தாலும் பேச்சாலும் தீரக்கூடிய மனச்சோர்வு என்றே தோன்றுகிறது. அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அண்ணனோடு பேசும்போது உங்கள் கணவரோ, அப்பா சொன்னதைக் கேட்ட வேறு யாருமோ உடனிருக்கட்டும்.

உங்கள் மகளைப் பற்றி இரண்டு வரி போதும். மனிதர்களுக்குள் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஒரு கோடியில் மேலே சொன்ன அபூர்வ மனிதர்கள். மறுகோடியில், கடந்த காலத்தின் எந்தக் காட்சியையும் மனத்தில் மறுபடி வாழ்ந்து பார்க்க முடியாத சிலரைப் பற்றி 2015இல் டொரண்டோ குழுவினர் எழுதினார்கள். அவர்கள் நோயாளிகள் இல்லை. வேலை பார்த்துக்கொண்டு இயல்பாக வாழ்கிறவர்கள். பாவாடையின் கரை நிறம் உண்மையிலேயே அதுதானா என்று பழைய புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

மதிப்பெண்ணை உயர்த்தலாமா? உயர்த்தலாம், கடினமே இல்லை. 2009இல் பிலிப் ரேஸ், வில்லியம்ஸ், டிர்க் ஹெர்மான்ஸ் மூவரும் மனச்சோர்வு நோயாளிகளின் சிறு குழு ஒன்றுக்கு வாரம் ஒருமுறை, நான்கு அமர்வுகளில் இதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். பிறகு ஈரானில், போரில் தந்தையை இழந்து அகதிகளாக வந்திருந்த ஆப்கன் சிறுவர் சிறுமியருக்கு இதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. குறிப்பான நினைவுகள் கூடின; இரண்டு மாதம் கழித்தும் அவர்களின் மனச்சோர்வு குறைவாக இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் படம் கொஞ்சம் மங்குகிறது: நினைவின் குறிப்புத்தன்மை நன்றாகக் கூடுகிறது, மனச்சோர்வின் மீதான பலன் நாள் செல்லச் செல்லத் தேய்ந்துவிடுகிறது. அதனால் இதை மருந்துக்கோ ஆலோசனைக்கோ மாற்றாக நான் சொல்ல மாட்டேன். கூடவே செய்யலாம்.

வீட்டில் செய்ய ஒரு வழி சொல்கிறேன். இரவு படுக்குமுன் ஒரு நோட்டில் அன்று நடந்த ஒரு சின்ன விஷயத்தை எழுதுங்கள். எங்கே, யார் இருந்தார்கள், எதைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள், கையில் என்ன இருந்தது. நான்கு வரி போதும். முக்கியமான விஷயமாக இருக்க வேண்டியதில்லை; மூன்றாம் பீரியடில் ஒரு பையன் கேட்ட அசட்டுக் கேள்வியே நல்ல சரக்கு. சில நாள் கழித்துப் பழைய நினைவுகளுக்குப் போங்கள். முதலில் 'மாமரம்', 'மழை', 'பேனா' போன்ற சொற்கள், பிறகு 'மகிழ்ச்சி', 'பெருமை' போன்றவை. ஒரு சொல்லுக்கு ஒரு நாள் கிடைத்ததும், அதே சொல்லுக்கு முற்றிலும் வேறான இன்னொரு நாளைத் தேடுங்கள். 'எப்போதும்', 'எல்லாம்', 'எப்பவுமே' என்று எழுத வந்தால் பேனாவை நிறுத்தி, 'எந்த நாள்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கசப்பான சொற்களைத் தனியாகத் தொட வேண்டாம். உளவியலாளரோடு உட்கார்ந்து செய்யும் வேலை அது. எழுதும்போது 'நான் ஏன் இப்படி' என்று சுழலத் தொடங்கினால் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். அந்தச் சுழலைத்தான் நாம் உடைக்கப் பார்க்கிறோம்.

இதற்கெல்லாம் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தச் சோகை மூன்றுக்கும் பரிசோதனை செய்தாகிவிட்டதா? இவற்றில் எதில் கோளாறு இருந்தாலும் சோர்வும் மறதியும் வரலாம். 46 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தின் மாற்றங்களும் தூக்கத்தைக் கெடுக்கும். மகப்பேறு மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பழகிய வழியில் குழம்புவது, ஒரே கேள்வியைச் சற்று நேரத்தில் மறுபடி கேட்பது, வருகைப் பதிவேட்டிலோ மதிப்பெண் கூட்டலிலோ புதிதாகத் தவறுகள் வருவது, இவற்றில் ஏதாவது இருந்தால், அதுவும் உங்களைவிட மற்றவர்கள் அதைக் கவனித்துச் சொன்னால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு பக்கத்தில் இவ்வளவையும் கோர்வையாக எழுதியிருக்கிறீர்கள்.

'தனிமை'க்கு நீங்கள் சொன்ன பதிலை மட்டும் உங்கள் மருத்துவரிடம் இன்னொருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மதிப்பெண் குறிப்பில் அது ஒரு பூஜ்யமாகக் கடந்துபோயிருக்கும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச சேவை, எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

அடுத்தமுறை உளவியலாளரைப் பார்க்கும்போது கேளுங்கள்: என் பதில்கள் ஒவ்வொன்றையும் எந்த வகையில் சேர்த்தீர்கள்? தூண்டிய பிறகு எத்தனைக்குச் சொன்னேன்? இனிய சொற்களுக்கும் கசப்பான சொற்களுக்கும் வித்தியாசம் இருந்ததா? தூக்கம் சரியான பிறகு வேறு சொற்பட்டியலை வைத்து மறுபடி செய்து பார்க்கலாமா? விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்ல அவர் நேரம் ஒதுக்காவிட்டால், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற வேறு மருத்துவ உளவியலாளரிடம் அறிக்கையோடு செல்லுங்கள்.